சேப்பாக்கத்து ஆரவாரம் சில இரவுகளில் மட்டும் வீடு வரை வருவது ஏன்?

நீங்கள் கேட்டிருப்பது ஒரு கேள்வி போலத் தெரிந்தாலும் அதற்குள் இரண்டு இருக்கின்றன. சிந்தாதிரிப்பேட்டையில் உங்கள் வீட்டு மொட்டைமாடியில் நின்றால், சேப்பாக்கத்தில் ஐபிஎல் ஆட்டம் நடக்கும் சில இரவுகளில் ஒவ்வொரு சிக்ஸருக்கும் எழும் ஆரவாரம் தெளிவாகக் கேட்கிறது. வேறு சில இரவுகளில், அரங்கு நிரம்பியிருந்தும், ஒன்றுமே வருவதில்லை. பிற்பகல் மூன்றரை மணிக்குத் தொடங்கும் ஆட்டங்கள் பெரும்பாலும் கேட்பதே இல்லை. காற்றில் ஈரம் மிகுந்தால் சத்தம் அமுங்கிவிடும் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்கிறாரே, அது சரியா என்பது முதல் கேள்வி. வெயில், மழை, குளிர் ஆகியவை அரங்குக்குள் உட்கார்ந்திருப்பவர் கேட்கும் சத்தத்தையும் மாற்றுமா என்பது இரண்டாவது. இரண்டுக்கும் பதில் வேறு வேறு. அரங்குக்குள் வானிலை மனிதர்களின் தொண்டையையும் கைகளையும்தான் பாதிக்கிறது. காற்றுக்கு அங்கே அதிக வேலை இல்லை. அரங்கைத் தாண்டி அரை கிலோமீட்டர் வந்துவிட்டால் நிலைமை தலைகீழ். கூட்டம் எவ்வளவு கத்தியது என்பதைவிட அன்றைய காற்று எப்படி வீசியது என்பதே உங்கள் காதுக்கு எட்டுவதை முடிவு செய்கிறது. ஈரத்தைப் பற்றிப் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது தவறு; ஆனால் ஏறக்குறைய அதே தவறைப் பெரிய விஞ்ஞானிகளும் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் நம்பியிருக்கிறார்கள்.

சாலை, தொழிற்சாலை, கட்டுமானம் ஆகியவற்றின் சத்தத்தை அளந்து அறிக்கை கொடுப்பது என் தொழில். விளையாட்டு அரங்குகள் அதில் ஒரு சிறு பகுதிதான். ஆனால் திறந்தவெளியில் ஒலி செல்லும் விதம் எல்லாவற்றுக்கும் ஒன்றே. அதன் இயற்பியலில் பெரும்பகுதி நன்றாக நிறுவப்பட்டது. கூட்டத்தின் நடத்தை பற்றிய பகுதி அப்படி இல்லை. எது எந்த வகை என்பதை அங்கங்கே சொல்லிக்கொண்டே போகிறேன்.

முதலில் அரங்குக்குள். சேப்பாக்கத்தில் ஒரு கேலரியிலிருந்து எதிர்ப்பக்கக் கேலரிக்கு ஏறக்குறைய இருநூறு மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒலியின் வேகம் 0 டிகிரி செல்சியஸில் நொடிக்குச் சுமார் 331 மீட்டர். ஒவ்வொரு டிகிரிக்கும் 0.6 மீட்டர் கூடும். 30 டிகிரியில் அது 349 ஆகிறது. இருநூறு மீட்டரைக் கடக்க 0.57 நொடி. 20 டிகிரி உள்ள குளிர்ந்த இரவில் 0.58 நொடி. எந்தக் காதும் இந்த வித்தியாசத்தை உணராது. எதிர்ப்பக்கம் எழும் கோஷம் எப்போதும் அரை நொடி பிந்தித்தான் வரும். அதனால்தான் முப்பதாயிரம் பேர் சேர்ந்து கைதட்டும்போது தாளம் கலைந்து ஒரே இரைச்சலாகிறது. கோடையானாலும் மார்கழியானாலும் இதில் மாற்றமில்லை.

காற்று ஒலியை உறிஞ்சுவதும் அரங்குக்குள் பொருட்படுத்தத் தக்கது அல்ல. கூட்டத்தின் கூச்சலில் ஆற்றல் பெரும்பாலும் சில நூறு ஹெர்ட்ஸிலிருந்து ஓரிரு ஆயிரம் ஹெர்ட்ஸ் வரை இருக்கிறது (ஹெர்ட்ஸ் என்பது ஒலி நொடிக்கு எத்தனை முறை அதிர்கிறது என்ற கணக்கு; அதுவே அதிர்வெண்). 1,000 ஹெர்ட்ஸ் ஒலி 30 டிகிரி வெப்பமும் 70 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்றில் ஒரு கிலோமீட்டர் பயணம் செய்தால்தான் ஏழு டெசிபல் சொச்சம் இழக்கும். இருநூறு மீட்டருக்கு ஒன்றரை டெசிபல். அதுவும் எதிர்க் கேலரியிலிருந்து வரும் சத்தத்துக்கு மட்டும். உங்கள் காதை நிரப்புவது உங்களைச் சுற்றி இருபது மீட்டருக்குள் கத்துபவர்களின் குரல். அவர்களுக்கும் உங்களுக்கும் நடுவில் உள்ள காற்றை எந்தப் பருவம் வந்து என்ன செய்துவிட முடியும்?

ஆகவே உள்ளே சத்தம் மாறினால் கத்துபவர்கள் மாறியிருக்கிறார்கள் என்று பொருள். குளிரைப் பொறுத்தவரை இதற்கு அமெரிக்கக் கால்பந்தைவிட நல்ல உதாரணம் இல்லை. 1967 டிசம்பர் 31 அன்று கிரீன் பே நகரின் லாம்போ ஃபீல்டு அரங்கில் நடந்த இறுதிப் போட்டியில் வெப்பநிலை மைனஸ் 25 டிகிரி செல்சியஸ். நடுவரின் உலோக விசில் உதட்டோடு உறைந்து ஒட்டிக்கொண்டது. அதன்பின் ஆட்டம் முழுவதையும் விசில் இல்லாமல், குரல் கொடுத்தே நடத்தினார்கள். வாசிக்க வந்திருந்த பல்கலைக்கழக இசைக்குழுவின் கருவிகள் உறைந்துபோய், நிகழ்ச்சியே ரத்தானது. ஐம்பதாயிரம் பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஆனால் அவர்கள் எல்லார் கையிலும் கனத்த உறை. கையுறைக்குள்ளிருந்து தட்டினால் கைதட்டலின் கூர்மையான பகுதி, அதாவது ‘டப்’ என்று வெடிக்கும் அந்த உயர் அதிர்வெண் பகுதி, பெரும்பாலும் போய்விடும். மிஞ்சுவது மந்தமான மொத்து ஒலி. கனத்த கம்பளி உடையும் ஒலியை உறிஞ்சும். உள்ளரங்க ஒலியியலில் இது நன்கு அளக்கப்பட்ட செய்தி, குளிர்கால மேலங்கி அணிந்த அவையினர் இருக்கும் மண்டபம் கோடையைவிடக் குறைவாகவே எதிரொலிக்கும். திறந்த அரங்கில் சத்தத்தின் பெரும்பகுதி வானத்துக்கே போய்விடுவதால் அங்கே உடையின் பங்கு சிறியது. கையுறையின் பங்கு பெரியது.

வெப்பம் வேறு விதமாக வேலை செய்கிறது. 1986 செப்டம்பரில் சேப்பாக்கத்தில் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் சமன் செய்த அந்த டெஸ்டில், 210 ரன் எடுத்த டீன் ஜோன்ஸ் உடலில் நீர் வற்றி மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டார் என்பது பலருக்கு நினைவிருக்கும். ஆடுபவருக்கு நேர்ந்தது, வெயில் பக்கக் கேலரியில் நிழலில்லாமல் உட்கார்ந்தவர்களுக்கும் குறைந்த அளவில் நேரத்தான் செய்யும். உலர்ந்த தொண்டையில் குரல்நாண்கள் அதிர அதிக மூச்சழுத்தம் தேவைப்படுகிறது என்பது குரல் மருத்துவத்தில் சோதித்தறிந்த உண்மை. அதனால் நீர் குடிக்காத கூட்டம் சீக்கிரம் களைத்துவிடும். ஆனால் அதைவிட எளிய காரணம் ஒன்று உண்டு. பிற்பகல் ஆட்டத்தில் வெயில் பக்கத்து ரசிகர்கள் தாமதமாக வருவார்கள், அல்லது கேலரிக்குப் பின்னால் நிழலில் நின்றுகொண்டு ஆறாவது ஓவர் முடிந்து உள்ளே வருவார்கள். காலி நாற்காலிக்குத் தொண்டை கிடையாது.

மழை விஷயத்தில் கிரிக்கெட் மற்ற விளையாட்டுகளிலிருந்து விலகி நிற்கிறது, ஏனென்றால் மழை வந்தால் ஆட்டமே நின்றுவிடுகிறது. கால்பந்தோ ரக்பியோ என்றால் நனைந்துகொண்டே கத்துவார்கள். கிரிக்கெட்டில் சத்தம் மொத்தமாக அணைந்து, ஆடுகளத்தை மூடிய விரிப்பை இழுக்க ஊழியர்கள் வரும்போது மறுபடி பற்றிக்கொள்கிறது. மைதானத்து நீரை உறிஞ்சும் சூப்பர் சாப்பர் வண்டிக்குச் சென்னைக் கூட்டம் கொடுக்கும் வரவேற்பு சில பந்துவீச்சாளர்களுக்குக் கிடைத்ததில்லை. 2023 ஐபிஎல் இறுதி ஆட்டம் அகமதாபாதில் மே 28 அன்று மழையால் தொடங்கவே முடியாமல் மறுநாளுக்குப் போனது. மறுநாளும் மழை குறுக்கிட்டு, சென்னை அணிக்கு 15 ஓவரில் 171 என்று இலக்கு மாற்றப்பட்டு, கடைசிப் பந்தில் ஜடேஜா அடித்த பவுண்டரி விழுந்தபோது மே 30 அதிகாலை ஒன்றரை மணி. அத்தனை மணி நேரம் நனைந்தும் காத்தும் இருந்தவர்கள் அந்தக் கணத்தில் குறைவாகக் கத்தினார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது. மழை கூட்டத்தை மெலியச் செய்கிறது, எஞ்சியவர்களை வெறியர்களாக்குகிறது. நிகர விளைவு எந்தப் பக்கம் என்பது ஆட்டத்துக்கு ஆட்டம் மாறும். இதில் விதி எழுத முயல்பவர்களை நான் நம்புவதில்லை.

கூரையைப் பற்றி ஒரு வார்த்தை. வானிலைக்காகப் போடும் கூரைதான் சத்தத்தை வானிலையைவிட அதிகமாக மாற்றுகிறது. கார்டிஃபில் உள்ள வேல்ஸ் ரக்பி அரங்கின் கூரை திறந்து மூடக்கூடியது. மூடினால் கூச்சல் உள்ளேயே சுழன்று எதிரணியின் காதைப் பிளக்கும். 2017இல் அங்கே ஆட வந்த இங்கிலாந்து அணி, கூரை திறந்தே இருக்க வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டது. சேப்பாக்கத்தில் 2011 உலகக் கோப்பைக்காகப் புதுப்பித்தபோது போட்ட கூரைகள் இழுத்துக் கட்டிய மெல்லிய சவ்வுகள். கடற்காற்று உள்ளே வர வேண்டும் என்று கேலரிகளுக்கு நடுவே இடைவெளியும் விட்டார்கள். உட்கார்ந்திருப்பவருக்கு அது நல்லது. ஆனால் மெல்லிய சவ்வு தாழ்ந்த அதிர்வெண் ஒலியைத் தடுக்காது, இடைவெளி எந்த ஒலியையும் தடுக்காது. காற்று உள்ளே வரும் வழி சத்தம் வெளியே போகும் வழியும்தான்.

இனி உங்கள் மொட்டைமாடி. அரங்கு ஒரு கிணறு போன்றது. அதன் அடியிலும் சுவர்களிலும் பிறக்கும் சத்தத்தில் பெரும்பகுதி வாய் வழியாக மேலே போகிறது. விளிம்பைச் சுற்றி வளைந்து பக்கவாட்டில் இறங்குவது கொஞ்சம்தான். மேலே போன சத்தம் அப்படியே போய்விட்டால் ஒன்றரை கிலோமீட்டர் தள்ளியிருக்கும் உங்களுக்கு எதுவும் கிடைக்காது. அதை யாராவது கீழ்நோக்கி வளைத்துக் கொண்டுவந்து தர வேண்டும். அந்த வேலையைச் செய்யக்கூடியவை இரண்டு: காற்றின் வேகம் உயரத்தோடு மாறுவது, வெப்பநிலை உயரத்தோடு மாறுவது.

காற்று சத்தத்தைச் சுமந்து வருகிறது என்று எல்லாரும் சொல்கிறோம். உண்மையில் அது சுமப்பதில்லை. நொடிக்கு ஐந்து மீட்டர் வீசும் நல்ல கடற்காற்றுகூட ஒலியின் வேகத்தில் ஒன்றரை சதவீதம்கூட இல்லை. அவ்வளவு சிறிய உந்துதலால் சத்தம் கூடாது. நடப்பது இதுதான்: தரையருகே கட்டடங்களும் மரங்களும் காற்றைத் தடுப்பதால் அங்கே வேகம் குறைவு, மேலே போகப் போக அதிகம். காற்று வீசும் திசையிலேயே செல்லும் ஒலி அலையின் மேல்பகுதி கீழ்ப்பகுதியைவிடச் சற்று வேகமாக முந்துகிறது. அதனால் அலை முன்புறம் கவிழ்ந்து தரையை நோக்கி வளைகிறது. காற்றை எதிர்த்துச் செல்லும் அலைக்கு நேர் எதிர்: மேல்பகுதி பின்தங்க, அலை மல்லாந்து வானத்தை நோக்கித் திரும்பிவிடுகிறது. தரையில் இருப்பவருக்கு அங்கே ஒலியின் நிழல். 1857இலேயே இயற்பியலாளர் ஜார்ஜ் ஸ்டோக்ஸ் இதை விளக்கிவிட்டார். அதன்பின் எத்தனையோ அளவீடுகள் அதை உறுதி செய்திருக்கின்றன. இதில் கவனிக்க வேண்டியது, லாபமும் நஷ்டமும் சமமல்ல என்பது. காற்றின் போக்கில் இருப்பவருக்குச் சில டெசிபல் கூடும், அவ்வளவுதான். எதிர்த்திசையில் இருப்பவருக்கோ இருபது டெசிபல் வரைகூடக் குறையலாம். இருபது டெசிபல் குறைந்தால் ஆரவாரம் மெலிவதில்லை, நகரத்தின் இரைச்சலுக்குள் மூழ்கி இல்லாமலே போகிறது. சில இரவுகளில் ‘ஒன்றுமே வருவதில்லை’ என்று நீங்கள் எழுதியது இதைத்தான்.

வெப்பத்தின் கதையும் அதே போன்றது. ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் 1870களில் இதைக் காட்டினார். பகலில் வெயில் தரையைச் சுட, தரையருகே காற்று சூடாகவும் மேலே குளிர்ந்தும் இருக்கும். சூடான காற்றில் ஒலி வேகமாகச் செல்வதால் அலையின் கீழ்ப்பகுதி முந்தி, அலை மேல்நோக்கி வளைந்து போய்விடும். இரவில் தரை குளிரத் தொடங்கினால் வரிசை மாறும். கீழே குளிர், மேலே வெதுவெதுப்பு. அப்போது ஒலி கீழ்நோக்கி வளையும். கிராமத்தில் இரவு நேரத்தில் தொலைதூரத்துக் கோயில் ஒலிபெருக்கி பக்கத்தில் ஒலிப்பது போலக் கேட்பதற்கு இது ஒரு காரணம். ஊர் அடங்கிவிடுவது இன்னொரு காரணம். ஆனால் சென்னையின் நடுப்பகுதியில் கான்கிரீட்டும் தாரும் பகல் வெப்பத்தை நெடுநேரம் வைத்திருப்பதால், இரவு எட்டு மணிக்கெல்லாம் அந்தத் தலைகீழ் வரிசை வலுவாக உருவாகிவிடும் என்று எதிர்பார்க்க முடியாது. உங்கள் விஷயத்தில் வெப்பத்தைவிடக் காற்றின் திசைக்கே அதிகப் பங்கு என்பது என் கணிப்பு. நிரூபணம் என்று சொல்ல மாட்டேன்.

திசையைப் பாருங்கள். அரங்கிலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் கிழக்கே கடல். சிந்தாதிரிப்பேட்டை அரங்குக்கு வடமேற்கே. ஏப்ரல், மே மாதங்களில் சென்னையின் கடற்காற்று பெரும்பாலும் தென்கிழக்கிலிருந்து வருகிறது. அதாவது அரங்கின் தலைமேல் ஏறி நேராக உங்கள் வீட்டை நோக்கி வீசுகிறது. ஐபிஎல் பருவத்தில் உங்கள் மொட்டைமாடிக்கு வாய்த்த இடம் அப்படி. ஆனால் எல்லா நாளும் கடற்காற்று ஒரே நேரத்தில் வருவதில்லை என்பது சென்னைவாசிகளுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மேற்கிலிருந்து வரும் நிலக்காற்று வலுவாக இருக்கும் நாட்களில், குறிப்பாக மே மாதத்தின் பிற்பகுதியில், கடற்காற்று தாமதமாக, பலவீனமாக நுழைகிறது. அன்று பகல் கொதிக்கும். மாலையிலும் காற்று மேற்கிலிருந்தோ தென்மேற்கிலிருந்தோ அடித்தால், அரங்கிலிருந்து உங்களை நோக்கி வரும் ஒலிக்குத் துணைக்காற்று கிடைப்பதில்லை, சில வேளை எதிர்க்காற்றே கிடைக்கிறது. புழுக்கமும் வெக்கையுமாக இருந்த அந்த நாட்களைத்தான் பக்கத்து வீட்டுக்காரர் ‘ஈரமான நாட்கள்’ என்று கணக்கு வைத்திருக்கிறாரோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

ஏனென்றால் ஈரம் உண்மையில் செய்வது நேர் எதிரானது. நம் பருவநிலையில் வறண்ட காற்றுதான் ஒலியை, குறிப்பாக உயர்ந்த சுருதியில் உள்ள ஒலியை, அதிகமாக உறிஞ்சுகிறது. காற்றிலுள்ள ஆக்சிஜன், நைட்ரஜன் மூலக்கூறுகள் ஒலியின் ஆற்றலை உள்வாங்கித் தாமதமாகத் திருப்பித் தருவதில் இழப்பு நேர்கிறது. நீராவி அந்தத் தாமதத்தின் அளவை மாற்றிவிடுகிறது. எண்களில் சொன்னால், 15 டிகிரி வெப்பநிலையில் 4,000 ஹெர்ட்ஸ் ஒலி, ஈரப்பதம் 20 சதவீதமாக இருக்கும்போது கிலோமீட்டருக்கு 89 டெசிபல் இழக்கிறது. 80 சதவீதமாக இருக்கும்போது 24 டெசிபல்தான். இவை ஒலிப்பரவல் கணக்கீட்டுக்கான சர்வதேசத் தரவிதியில் உள்ள மதிப்புகள். எங்கள் தொழிலில் தினமும் புழங்குபவை. ஈரக்காற்று கனமானது, அதனால் சத்தம் அமுங்குகிறது என்ற எண்ணமும் நிற்காது. நீராவி மூலக்கூறு நைட்ரஜன் மூலக்கூறைவிட இலேசானது, ஈரக்காற்று வறண்ட காற்றைவிட எடை குறைந்தது.

இந்த உறிஞ்சலால்தான் உங்கள் வீட்டுக்கு வரும் ஆரவாரம் அரங்கில் கேட்பதுபோல் இருப்பதில்லை. விரலை வாயில் வைத்து அடிக்கும் விசில் இரண்டாயிரம் முதல் நாலாயிரம் ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் இருக்கிறது. 30 டிகிரி, 70 சதவீத ஈரப்பதம் உள்ள சென்னை இரவில் ஒன்றரை கிலோமீட்டர் வருவதற்குள் நாலாயிரம் ஹெர்ட்ஸ் ஒலி, தொலைவால் இயல்பாகக் குறைவது போக, மேற்கொண்டு சுமார் 35 டெசிபல் இழந்துவிடும். 500 ஹெர்ட்ஸ் ஒலி இழப்பது ஐந்துக்கும் குறைவு. விசிலும் கைதட்டலும் வழியிலேயே உதிர்ந்து, ‘ஓ’ என்ற அடிக்குரல் மட்டும் உங்களிடம் வந்து சேர்கிறது. விசில் தனியாகக் காதில் விழுந்தால் அது பக்கத்துத் தெருவில் தொலைக்காட்சி பார்ப்பவருடையதாகத்தான் இருக்கும்.

மூடுபனியும் மழையும் ஒலியை விழுங்கும் என்று 1708இல் வில்லியம் டெர்ஹாம் எழுதிவைத்தார். அது நெடுநாள் கேள்வியில்லாமல் நின்றது. 1873இல் ஜான் டின்டால் டோவர் கடற்கரையில் கப்பல்களுக்கான எச்சரிக்கைக் கொம்புகளையும் பீரங்கிகளையும் வைத்துச் சோதித்தபோது வேறொன்றைக் கண்டார். பளிச்சென்ற வெயில் நாட்களில் சில மைல்களிலேயே அடங்கிப்போன ஒலி, மூடுபனி நாட்களில் அதைவிடத் தொலைவுக்குச் சென்றது. மழைத்துளியும் பனித்துளியும் கூட்டத்தின் கூச்சலுக்குப் பெரிய தடை அல்ல என்பது இன்று உறுதியான செய்தி. ஆனால் மழை இரவில் உங்களுக்குக் கேட்காமல் போகலாம், அதற்குக் காரணம் காற்றல்ல, ஈரச் சாலை. நனைந்த தாரில் டயர் எழுப்பும் சீற்றம் உலர்ந்த சாலையைவிட நன்றாக அதிகம். அண்ணா சாலைப் பக்கத்து இரைச்சல் அப்படி உயர்ந்தால் மெல்லிய ஆரவாரம் அதற்கடியில் புதைந்துவிடும். தகரக் கூரையிலும் குளிர்சாதன வெளிப்பெட்டியிலும் விழும் மழைத்துளி மீதியை மூடிவிடும்.

பிற்பகல் ஆட்டங்கள் ஏன் கேட்பதில்லை என்பதில்தான் என் பதில் கொஞ்சம் தளர்கிறது. மூன்றரை மணிக்குக் கடற்காற்று நன்றாகவே வீசும். அந்தக் கணக்கில் உங்களுக்குக் கேட்க வேண்டும். ஆனால் அதே நேரம் சூடேறிய தரை ஒலியை மேல்நோக்கி வளைக்கிறது. ஒன்று கீழே இழுக்க, மற்றது மேலே தூக்க, எது வெல்லும் என்பது அன்றைய வெயிலையும் காற்றின் வலிமையையும் பொறுத்தது. இதோடு பகல் போக்குவரத்து இரைச்சலும், அரைகுறையாக நிரம்பிய வெயில் கேலரிகளும் சேர்கின்றன. சூடான தரை, போக்குவரத்து, காலி நாற்காலி ஆகிய மூன்றும் உண்மையான காரணங்கள். உங்கள் வீட்டுக்கு எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல, அளவுக் கருவி வைத்துப் பார்க்காமல் முடியாது. ஒரு சோதனை உங்களாலேயே செய்யக்கூடியது: மூன்றரை மணி ஆட்டத்தின் கடைசி ஓவர்கள் ஏழு மணியளவில் நடக்கும். வெயில் இறங்கியிருக்கும், காற்று இன்னும் இருக்கும். அவை மட்டும் கேட்டால் வெப்பம்தான் முக்கியக் காரணம் என்று நம்ப இடமிருக்கிறது.

ஒரே ஆரவாரம் சில நொடிகளுக்குள் ஏறி இறங்கித் தேய்ந்து மறுபடி வருவதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். கூட்டம் அப்படிக் கத்தவில்லை. வழியிலுள்ள காற்றின் சுழிப்புகள் ஒலியைக் கலைத்துச் சேர்ப்பதால் அப்படிக் கேட்கிறது. இன்னொன்று, ஒன்றரை கிலோமீட்டரைக் கடக்க ஒலிக்கு நாலே கால் நொடி சொச்சம் ஆகிறது. கைப்பேசியில் இணையம் வழியாக வரும் நேரலை அதைவிட அதிகமாகப் பிந்தி வருவதே வழக்கம். ஆகவே காற்று ஒத்துழைக்கும் இரவில், விக்கெட் விழுந்ததை உங்கள் திரைக்கு முன்பே உங்கள் மொட்டைமாடி சொல்லிவிடும். பந்தயம் கட்டும் நண்பர்களிடம் இதைச் சொல்லாதீர்கள்.

தொழில் சார்ந்து ஒன்று சொல்ல வேண்டும். ஒரே இயந்திரம், ஒரே இடம், ஒரே கருவி. ஆனால் அடுத்தடுத்த மாலைகளில் எடுத்த அளவீடுகள் பத்து டெசிபலுக்கு மேல் வேறுபட்டதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். காற்று திரும்பியிருக்கும், வேறொன்றுமில்லை. அதனால்தான் ஒழுங்கான அறிக்கையில் டெசிபலுக்குப் பக்கத்திலேயே காற்றின் திசையும் வேகமும் எழுதியிருக்கும். காற்று நொடிக்கு ஐந்து மீட்டருக்கு மேல் வீசினால் பொதுவாக நாங்கள் அளப்பதையே நிறுத்திவிடுவோம், ஏனென்றால் ஒலிவாங்கியில் மோதும் காற்றே சத்தமாகப் பதிவாகும். கைப்பேசிச் செயலியை மொட்டைமாடியில் நீட்டி ‘எழுபது டெசிபல் ஆரவாரம்’ என்று படம் போடுபவர்கள் பெரும்பாலும் அளப்பது கடற்காற்றை. இந்தியாவின் 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் இரவு பத்து மணிக்குமேல் வரம்பு 45 டெசிபல். சென்னை நகரின் நடுவில் ஆட்டம் இல்லாத இரவிலேயே பல தெருக்கள் அதைத் தாண்டிவிடுகின்றன, ஆரவாரத்தை மட்டும் அதிலிருந்து பிரித்தெடுப்பது எளிதல்ல.

சந்தேகத்துக்குரிய பகுதிக்கு வருகிறேன். உலகின் மிக உரத்த கூட்டம் என்று கின்னஸ் பதிவில் இருப்பது அமெரிக்காவின் கான்சஸ் சிட்டியில் உள்ள ஏரோஹெட் கால்பந்து அரங்கு, 2014 செப்டம்பர் 29, 142.2 டெசிபல். அதே அரங்கில் 2024 ஜனவரி 13 அன்று மைனஸ் 20 டிகிரியில் ஆட்டம் நடந்தது; பார்வையாளர்கள் சிலருக்கு உறைபனிக் காயமே ஏற்பட்டது. இரண்டையும் பக்கத்தில் வைத்து ‘குளிர் சத்தத்தைக் குறைக்கிறது’ என்று எழுத ஆசை வரும். செய்யக் கூடாது. சாதனை முயற்சியில் கருவி கூட்டத்தின் முகத்துக்கு நேராக, கூட்டத்தைத் தூண்டிவிட்டு, ஒரு கண நேர உச்சத்தைப் பிடிக்க வைக்கப்படுகிறது. அது அரங்கின் சத்தம் அல்ல, கருவிக்கு மிக அருகே இருந்த சில நூறு பேரின் சத்தம். கருவியைப் பத்து மீட்டர் நகர்த்தினால் வரும் மாற்றம், எந்தப் பருவமும் கொண்டுவரும் மாற்றத்தைவிடப் பெரியதாக இருக்கக்கூடும்.

அதேபோல் வானிலையால் கூட்டத்தின் சத்தம் குறைந்து, அதனால் சொந்த ஊர் அணிக்குக் கிடைக்கும் அனுகூலம் குறைகிறது என்ற வாதம். கொரோனா காலத்தில் ஐரோப்பியக் கால்பந்து காலி அரங்குகளில் நடந்தபோது உள்ளூர் அணிகளின் அனுகூலம் பொதுவாகக் குறைந்தது, வெளியூர் அணிகளுக்கு நடுவர் காட்டும் மஞ்சள் அட்டைகளும் குறைந்தன என்று பல ஆய்வுகள் கண்டன. ஆனால் அது முழுக் கூட்டத்துக்கும் வெற்று நாற்காலிக்கும் உள்ள வித்தியாசம். கையுறை போட்ட கூட்டத்துக்கும் போடாத கூட்டத்துக்கும் உள்ள இரண்டு மூன்று டெசிபல் அதைச் செய்யும் என்று அதிலிருந்து தாவ முடியாது. நிரம்பிய அரங்கின் உடல் வெப்பம் பற்றியும் ஒரு கேள்வி எழலாம். ஓர் ஆள் சும்மா உட்கார்ந்திருந்தாலே நூறு வாட் அளவில் வெப்பம் விடுகிறார். முப்பத்தைந்தாயிரம் பேர் மூன்றரை மெகாவாட். அந்தச் சூடான காற்று அரங்கின் வாய்க்குமேல் தூணாக எழும், ஒலியைக் கொஞ்சம் கலைக்கும். கடற்காற்று வீசும் இரவில் அந்தத் தூண் நிற்பதற்குள் சாய்ந்துவிடும் என்பதால் நான் அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

நீங்களே சரிபார்க்க விரும்பினால் டெசிபல் செயலி வேண்டாம். ஒரு நோட்டுப் புத்தகம் போதும். ஆட்ட நாட்களில் நேரம், ஆரவாரம் கேட்டதா, மொட்டைமாடிக் கொடியில் துணி எந்தப் பக்கம் பறக்கிறது, சாலை நனைந்திருக்கிறதா என்ற நான்கை எழுதுங்கள். நுங்கம்பாக்கம் வானிலை நிலையத்தின் காற்றுத் திசை, ஈரப்பதம் இரண்டையும் பிறகு பக்கத்தில் சேர்த்துக்கொள்ளலாம். ஒரு பருவம் முடிந்ததும், ஈரப்பதத்தின்படி வரிசைப்படுத்தினால் ஒழுங்கு எதுவும் தெரியாது, காற்றின் திசைப்படி வரிசைப்படுத்தினால் தெரியும் என்பது என் எதிர்பார்ப்பு. தெற்கு, தென்கிழக்குக் காற்று நாட்களில் ‘கேட்டது’ அதிகமாகவும், மேற்குக் காற்று நாட்களில் ‘கேட்கவில்லை’ அதிகமாகவும் வர வேண்டும். பொங்கலையொட்டி எப்போதாவது சேப்பாக்கத்தில் டெஸ்ட் நடந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஜனவரியில் காற்று வடகிழக்கிலிருந்து வரும், அது ஆரவாரத்தை ராயப்பேட்டைப் பக்கம் கொண்டுபோகும். அங்கே உறவினரோ நண்பரோ இருந்தால் அவர் கையிலும் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்துவிடுங்கள். அந்த ஐந்து நாளும் உங்களைவிட அவருக்கே அதிகம் கேட்க வேண்டும்.